கேள்விக்கு முன்பே எழுதப்பட்ட விடை

தொலைக்காட்சித் தயாரிப்பு ஒன்றைச் சுற்றி நடக்கும் மர்மத்தைத் தனியார் துப்பறிவாளர் ஒருவர் துலக்குவதாக நாவல் எழுத விரும்பும் ஒருவர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். அப்படிப்பட்ட கதைக்கு உண்மை வாழ்வில் அடித்தளம் உண்டா, படப்பிடிப்புத் தளத்தில் கொலையைத் தவிர வேறு என்ன குற்றம் நடக்க முடியும், துப்பறிவாளர் கையில் கிடைக்கும் தடயம் எப்படிப்பட்டதாக இருந்தால் வாசகர் நம்புவார் என்பவை அவை. இந்த மூன்றுக்கும் விடை தரக்கூடிய ஒரே உண்மைச் சம்பவம் 1950களின் நியூயார்க் வினாடி வினா மோசடி, அதாவது தொலைக்காட்சிப் போட்டிகளில் யார் வெல்வது என்பதைத் தயாரிப்பாளர்களே முன்கூட்டித் தீர்மானித்த மோசடி என்பது என் கருத்து. ஆகவே பொதுவான எழுத்துக் குறிப்புகளைத் தவிர்த்துவிட்டு, அந்தச் சம்பவத்தைத் துப்பறிவாளரின் கண்ணால் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதையே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அடிப்படையான ஒன்று. வழக்கமான துப்பறியும் கதை 'யார் செய்தது' என்ற கேள்வியில் நிற்கிறது. தொலைக்காட்சித் தயாரிப்பிலோ எதைச் செய்தாலும் அதைப் பலர் கூடித்தான் செய்கிறார்கள். ஒளியமைப்பாளர் முதல் ஒப்பனைக்காரர் வரை எல்லோரும், உண்மையில் இல்லாத ஒன்றை இருப்பதுபோல் காட்டுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள். அந்த இடத்தில் பொய்யைக் கண்டுபிடிப்பது எளிது, அதைக் குற்றம் என்று நிறுவுவதுதான் கடினம். அதனால் உங்கள் துப்பறிவாளர் கேட்க வேண்டிய கேள்வி 'எப்போது' என்பது. கேள்வி ஒளிபரப்பில் கேட்கப்பட்டது எப்போது, அதன் விடை எழுதப்பட்டது எப்போது, இரண்டில் எது முந்தியது? அந்த மோசடியின் எல்லா முடிச்சுகளும் அவிழ்ந்தது இந்த ஒரு கேள்வியில்தான்.

1955 ஜூன் 7 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'அறுபத்து நான்காயிரம் டாலர் கேள்வி' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனம் அதன் விளம்பரதாரர். கேள்விகள் வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைக்கப்பட்டிருந்தன என்று மேடையில் அறிவித்தார்கள். வங்கி அதிகாரி ஒருவர் காவலர்களுடன் நேரில் வந்து நின்றார். ஐபிஎம் இயந்திரம் ஒன்று கேள்விகளை வரிசைப்படுத்தித் தந்தது. போட்டியாளர் ஒலி புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பதில் சொன்னார். வாரந்தோறும் பரிசுத்தொகை இரட்டிப்பானது, நாடே பார்த்தது, ரெவ்லானின் உதட்டுச்சாயம் கடைகளில் தீர்ந்துபோனது. எழுத்தாளராக நீங்கள் கவனிக்க வேண்டியது அந்தப் பெட்டகத்தை. மேடையில் ஒரு பூட்டு அவ்வளவு அழுத்தமாகக் காட்டப்படும்போது, அந்தப் பூட்டு பூட்டப்படுவதற்கு முன் கேள்விகள் யார் கையில் இருந்தன என்று பார்வையாளர் கேட்க மறந்துவிடுகிறார்.

இந்த வெற்றியைப் பார்த்து என்பிசி தொலைக்காட்சிக்காக ஜாக் பாரியும் டான் என்ரைட்டும் 'ட்வென்டி ஒன்' என்ற நிகழ்ச்சியைத் தயாரித்தார்கள். 1956 செப்டம்பரில் அது தொடங்கியது. ஜெரிட்டால் என்ற சத்து மருந்தைத் தயாரித்த நிறுவனம் விளம்பரதாரர். விதி எளிமையானது. இரண்டு போட்டியாளர்கள் தனித்தனிக் கூண்டுகளில் நிற்பார்கள். ஒருவர் என்ன மதிப்பெண் எடுத்தார் என்பது மற்றவருக்குத் தெரியாது. ஒன்று முதல் பதினொன்று வரை எத்தனை மதிப்பெண்ணுக்குக் கேள்வி வேண்டும் என்று போட்டியாளரே சொல்வார். எண் கூடக் கூடக் கேள்வி கடினமாகும். முதலில் இருபத்தொன்றைத் தொடுபவர் வெல்வார். முதல் ஒளிபரப்பு நேர்மையாகவே நடந்தது. இரண்டு போட்டியாளர்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதில் தெரியாமல் விழித்தார்கள், பார்க்கச் சகிக்கவில்லை. மறுநாள் காலை விளம்பரதாரரிடமிருந்து கோபமான தொலைபேசி அழைப்பு வந்தது, இனி இப்படி ஒரு நிகழ்ச்சியைப் பார்க்க விரும்பவில்லை என்று. மோசடியின் பிறப்பிடம் அந்தத் தொலைபேசி அழைப்புதான். அதில் யாரும் ஏமாற்றச் சொல்லி உத்தரவிடவில்லை என்பதை உங்கள் நாவலில் மறக்காமல் பயன்படுத்துங்கள். நிகழ்ச்சி நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டுமே சொன்னார்கள்; அதை எப்படிச் செய்வது என்பதைக் கீழே இருப்பவர்கள் முடிவு செய்துகொண்டார்கள். பொறுப்பு இவ்வாறு கரைந்துபோகும் விதம் துப்பறிவாளருக்குப் பெரிய சுவர்.

குவீன்ஸ் பகுதியைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஸ்டெம்பல், படைப்பணி முடித்து சிட்டி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர். அபாரமான நினைவாற்றல் உள்ளவர். என்ரைட் அவர் வீட்டுக்கே போய், இருபத்தையாயிரம் டாலர் வெல்ல விருப்பமா என்று கேட்டார். கேள்வி பதில்களைக் கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. அலமாரியைத் திறந்து துணிகளைப் பார்த்து, ஸ்டெம்பலின் மறைந்த மாமனாருக்குச் சொந்தமான, உடம்புக்குப் பொருந்தாத நீலக் கோட்டைத் தேர்ந்தெடுத்தார். தலைமுடியைப் படைவீரனைப்போல் ஒட்ட வெட்டிக்கொள்ளச் சொன்னார். விலை மலிவான கைக்கடிகாரம் ஒன்றை அணியச் செய்தார். அதன் டிக் டிக் ஓசை கூண்டுக்குள் இருந்த ஒலிவாங்கியில் கேட்டது. தொகுப்பாளரை 'மிஸ்டர் பாரி' என்று மட்டுமே அழைக்க வேண்டும் என்று கட்டளை. வியர்வை வழிவதற்காகக் கூண்டின் குளிர்சாதனம் நிறுத்தப்பட்டது. வியர்வையைத் துடைக்கக் கூடாது, மெல்ல ஒற்றியெடுக்க வேண்டும் என்பதுவரை பயிற்சி தரப்பட்டது. ஏழ்மையான, கொஞ்சம் எரிச்சலூட்டுகிற அறிவாளி என்ற பாத்திரம் அவருக்காக வடிவமைக்கப்பட்டது. அவர் ஏழ்மையானவர் அல்லர், அவர் மனைவியின் குடும்பத்துக்கு வசதி இருந்தது என்பது இதில் சேர்த்துப் பார்க்க வேண்டிய செய்தி.

பிறகு பார்வையாளர்களுக்கு அவர் அலுத்துப்போனார், அல்லது அலுத்துவிடுவார் என்று தயாரிப்பாளர்கள் நினைத்தார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சார்லஸ் வான் டோரன் என்ற இளைஞரைக் கொண்டுவந்தார்கள். புலிட்சர் பரிசு பெற்ற கவிஞர் மார்க் வான் டோரனின் மகன், அழகர், பண்பானவர். அவரை இணங்க வைத்தவர் தயாரிப்பாளர் ஆல்பர்ட் ஃபிரீட்மன். ஸ்டெம்பலை யாராலும் வெல்ல முடியவில்லை, இது வெறும் கேளிக்கைதான், நீங்கள் வென்றால் ஆசிரியர் தொழிலுக்கே பெருமை சேரும் என்றெல்லாம் அவர் வாதிட்டார். 1956 டிசம்பர் 5 அன்று ஸ்டெம்பல் தோற்க வேண்டும் என்று முடிவானது. 1955ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்றது எது என்பது கேள்வி, விடை 'மார்ட்டி'. ஸ்டெம்பலுக்கு அந்தப் படம் மிகவும் பிடிக்கும், பலமுறை பார்த்தவர். இந்தக் கேள்வியில் மட்டும் தோற்க வைக்காதீர்கள் என்று அவர் கெஞ்சியும் என்ரைட் விடவில்லை. நேரடி ஒளிபரப்பில், தன் மனத்துக்கு நெருக்கமான படத்தின் பெயரை நாட்டு மக்கள் முன் தெரியாது என்று நடித்து, அதற்கு முந்தைய ஆண்டின் படத்தை அவர் சொன்னார். வான் டோரன் 1957 மார்ச் வரை நீடித்து 1,29,000 டாலர் வென்றார். டைம் இதழின் அட்டையில் அவர் படம் வந்தது. என்பிசி ஆண்டுக்கு 50,000 டாலர் சம்பளத்தில் வேலையும் தந்தது. ஸ்டெம்பலுக்குக் கிடைத்தது 49,500 டாலரும் அவமானமும்.

என்னைக் கேட்டால், நாவலின் உணர்ச்சி மையம் இந்த 'மார்ட்டி' கேள்விதான். ஒரு மனிதர் பணத்துக்காகப் பொய் சொல்லலாம், சொன்ன பிறகு மறந்தும் போகலாம். ஆனால் தான் நேசித்த ஒன்றைத் தெரியாது என்று சொல்ல வைக்கப்பட்டவர் அதை மறப்பதில்லை. துப்பறிவாளரைத் தேடி வரும் முதல் ஆள் ஏன் வருகிறார் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, குற்றம் என்ன என்பது. 1956இல் அமெரிக்காவில் வினாடி வினா நிகழ்ச்சியை முன்கூட்டியே தீர்மானித்து நடத்துவது சட்டப்படி குற்றமே அல்ல. அதைத் தடை செய்யும் திருத்தம் தகவல் தொடர்புச் சட்டத்தில் 1960ஆம் ஆண்டில்தான் வந்தது. எனவே உங்கள் துப்பறிவாளர் எல்லாவற்றையும் கண்டுபிடித்து காவல் நிலையத்துக்குப் போனாலும், அங்கே இருப்பவர் எந்தப் பிரிவில் வழக்குப் பதிவது என்று கேட்பார். இதைக் கதையின் பலவீனம் என்று நினைத்துவிடாதீர்கள். உண்மைச் சம்பவத்தில் குற்றம் இரண்டாவது கட்டத்தில்தான் பிறந்தது. மன்ஹாட்டன் மாவட்ட அரசு வழக்கறிஞர் ஃபிராங்க் ஹோகனின் அலுவலகம் 1958 இலையுதிர் காலத்தில் பெருநடுவர் குழு (வழக்குத் தொடரப் போதிய சான்று உண்டா என்று பார்க்கும் குடிமக்கள் குழு) முன் விசாரணையைத் தொடங்கியபோது, சுமார் 150 பேர் சத்தியம் செய்து சாட்சி சொன்னார்கள். அவர்களில் ஐம்பது பேர் உண்மை பேசியிருந்தால் அதிகம் என்பது வழக்கறிஞர்கள் தரப்பின் கணிப்பு. மறைக்க வேண்டிய சட்டக் குற்றம் எதுவும் செய்யாதவர்கள், பெயர் கெட்டுவிடும் என்ற அச்சத்தில் பொய்ச்சாட்சியம் என்ற உண்மையான குற்றத்துக்குள் தாமாக நடந்து போனார்கள். நாவலில் ஒரு மரணம் கட்டாயம் வேண்டும் என்று நீங்கள் கருதினால், அது பரிசுப் பணத்துக்காக நிகழக் கூடாது. இந்த இரண்டாவது பொய்யைக் காப்பதற்காக நிகழட்டும். நான் எழுதுவதாக இருந்தால் மரணமே இல்லாமல் எழுதுவேன்.

துப்பறிவாளருக்கு இதில் இடம் எங்கே? அரசு வழக்கறிஞரும் நாடாளுமன்றக் குழுவும் விசாரித்த விஷயத்தில் தனியார் ஒருவர் எப்படி நுழைவார் என்ற ஐயம் உங்களுக்கு வந்திருக்கும். காலக்கணக்கைப் பாருங்கள். தோற்ற சில மாதங்களிலேயே, 1957ஆம் ஆண்டில், ஸ்டெம்பல் பத்திரிகையாளர்களிடம் முழுக் கதையையும் சொல்லிவிட்டார். பத்திரிகைகள் அச்சிடவில்லை. அவதூறு வழக்கு வந்தால் நீதிமன்றத்தில் காட்டுவதற்கு ஒரு தோற்றுப்போன மனிதரின் சொல்லைத் தவிர வேறு எதுவும் கையில் இல்லை. 1958 ஆகஸ்டு இறுதியில்தான் செய்தி வெளியானது. இடைப்பட்ட ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு, உண்மை தெரிந்தவர்கள் பலர் இருந்தும் உண்மை வெளிவராத காலம். உங்கள் துப்பறிவாளரை அந்த இடைவெளியில் வையுங்கள். ஒரு பத்திரிகையின் சட்ட ஆலோசகர் அவரை அமர்த்தட்டும்: எங்களுக்குக் கதை தெரியும், கதையை நிரூபிக்கும் இரண்டாவது சான்று ஒன்று வேண்டும், அது அந்த ஆளின் வாய்ச்சொல்லாக இருக்கக் கூடாது. இவ்வளவு தெளிவான, இவ்வளவு கடினமான பணி ஒரு தனியார் துப்பறிவாளருக்கு அமைவது அபூர்வம்.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1957 மார்ச்சில் என்ரைட் ஸ்டெம்பலைத் தன் அலுவலகத்துக்கு அழைத்து, தமக்கு எந்த உதவியும் தரப்படவில்லை என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கினார். அந்த உரையாடலை ரகசியமாக ஒலிப்பதிவும் செய்தார். செய்தி வெளியானதும் அந்த ஒலிநாடாவைப் பத்திரிகையாளர்களுக்குப் போட்டுக் காட்டி, ஸ்டெம்பல் பணம் கேட்டு மிரட்டுகிறார், மனநிலை சரியில்லாதவர் என்று நிறுவப் பார்த்தார். துப்பறிவாளர் தேடிப்போகும் உண்மைக்கு எதிராக ஒரு கையெழுத்தும் ஒரு நாடாவும் ஏற்கனவே தயாராக இருக்கின்றன. இரண்டும் போலி அல்ல, இரண்டும் பொய்யைத்தான் சொல்கின்றன. உண்மையான ஆவணம் பொய் சொல்வதைப் புரிந்துகொள்ளும் அத்தியாயம் உங்கள் நாவலின் நடுப்பகுதியாக அமையலாம்.

அடுத்தது தடயம். இங்கே சற்று நிதானிக்க விரும்புகிறேன், ஏனென்றால் இந்தச் சம்பவம் இரண்டு தடயங்களைத் தந்தது. அவற்றுக்கு இடையிலான வேறுபாட்டில் துப்பறியும் கதையின் இலக்கணமே அடங்கியிருக்கிறது.

முதலாவது ஒரு குறிப்பேடு. 'டாட்டோ' என்ற பகல்நேர வினாடி வினா சிபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. 1958 மே மாதம் ஒருநாள் எட்வர்ட் ஹில்கமையர் என்ற மாற்றுப் போட்டியாளர் மேடைக்குப் பின்னால் தன் முறைக்காகக் காத்திருந்தார். அன்று வென்றுகொண்டிருந்த பெண்ணின் குறிப்பேடு அங்கே கிடந்தது. அதைப் புரட்டியபோது, மேடையில் அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்த விடைகளே அதில் எழுதியிருந்தன. அவர் அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டார். தோற்ற போட்டியாளரிடமும் காட்டினார். தயாரிப்பாளர்கள் தோற்றவருக்கு 4,000 டாலரும் இவருக்கு 1,500 டாலரும் கொடுத்து விஷயத்தை முடிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. புகார் விளம்பரதாரரான கோல்கேட் நிறுவனத்துக்கும் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையத்துக்கும் போனது. ஆகஸ்டு மாதத்தில் நிகழ்ச்சி திடீரென நிறுத்தப்பட்டது. அதன் பிறகுதான் ஸ்டெம்பலின் கதையை அச்சிடும் துணிவு பத்திரிகைகளுக்கு வந்தது.

ஆனால் கிழித்த பக்கம் எவ்வளவு பலவீனமான தடயம் என்று யோசித்துப் பாருங்கள். அதில் தேதி இல்லை. நிகழ்ச்சி முடிந்த பிறகு விடைகளை நினைவுக்காக எழுதி வைத்தேன் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தால், அல்லது கிழித்தவரே எழுதிக்கொண்டார் என்று தயாரிப்பாளர்கள் சொல்லியிருந்தால், அந்தத் தாள் தனியாக நின்று அதை மறுக்க முடியாது. அது பார்த்த மனிதரின் நம்பகத்தன்மையைச் சார்ந்தது. கதையில் அதைப் பார்த்ததும் வாசகர் 'ஆகா' என்பார், நீதிமன்றம் அப்படிச் சொல்லாது.

இரண்டாவது தடயம் ஒரு கடிதம். ஜேம்ஸ் ஸ்னாட்கிராஸ் என்ற ஓவியர் 1957இல் 'ட்வென்டி ஒன்' நிகழ்ச்சியில் பங்கேற்றார். அவருக்கும் கேள்வி பதில்கள் முன்கூட்டியே தரப்பட்டன. அவர் அவற்றை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, ஒளிபரப்புக்கு முன்பாகத் தன் பெயருக்கே பதிவுத் தபாலில் அனுப்பிக்கொண்டார். உறை வந்து சேர்ந்தபோது பிரிக்காமல் வைத்துவிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1959 அக்டோபரில், வாஷிங்டனில் ஓரன் ஹாரிஸ் தலைமையிலான நாடாளுமன்றத் துணைக்குழுவின் முன் அந்த உறை பிரிக்கப்பட்டது. கேள்விகள், விடைகள் மட்டுமல்ல, விடைகளை எந்த வரிசையில் சொல்ல வேண்டும், எங்கே தயங்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. ஸ்னோ ஒயிட் கதையில் வரும் ஏழு குள்ளர்களின் பெயர்களைச் சொல்லும்போது, நான்கு பெயருக்குப் பிறகு நிறுத்தி யோசிப்பதுபோல் காட்ட வேண்டும் என்பதுகூட எழுதப்பட்டிருந்தது.

பதிவுத் தபாலில் உறையின் ஒட்டிய விளிம்புகள் மேலேயே தேதி முத்திரை விழுகிறது. அஞ்சலகத்தின் பதிவேட்டில் எண் ஏறுகிறது. கையெழுத்திட்டுத்தான் அதை வாங்க முடியும். தயாரிப்பு நிறுவனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத, பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லாத ஓர் அஞ்சலக எழுத்தர், தான் என்ன செய்கிறோம் என்று அறியாமலேயே இந்த வழக்கின் மிக நம்பகமான சாட்சியாகிவிட்டார். உறை 'முன்பு' என்பதை நிறுவுகிறது. 'பின்பு' என்பதை நிறுவ ஒளிபரப்பின் படச்சுருள் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்தால் எந்தச் சாட்சியின் நாணயத்தையும் நம்பத் தேவையில்லை. உங்கள் துப்பறிவாளர் அடைய வேண்டியது இந்த ஜோடியைத்தான். அதைக் கதையின் இறுதிவரை தேட வையுங்கள். நடுவில் கிழிந்த குறிப்பேட்டுப் பக்கம் போன்ற ஒன்று கிடைத்து, வெற்றி என்று எண்ணி, வழக்கறிஞர் அதை மறுத்துத் திருப்பி அனுப்பும் காட்சியும் இருக்கட்டும். ஸ்னாட்கிராஸ் பின்னொரு ஒளிபரப்பில் தவறான விடை சொல்லித் தோற்க வேண்டும் என்று பணிக்கப்பட்டிருந்தார். எமிலி டிக்கின்சன் கவிதை பற்றிய அந்தக் கேள்விக்கு அவர் சரியான விடையைச் சொல்லிவிட்டார். நேரடி ஒளிபரப்பில் யாரும் நிறுத்தச் சொல்ல முடியாத ஒரு கணம் அது. அந்தக் கணத்தில் தயாரிப்பாளரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை எழுதுவது உங்களைப் போன்ற கதாசிரியரின் உரிமை.

விடை கொடுக்காமலேயே முடிவைத் தீர்மானிக்கும் வழியும் இருந்தது. 'அறுபத்து நான்காயிரம் டாலர் கேள்வி'யில் பெரும்பாலும் அதைத்தான் கையாண்டார்கள்: போட்டியாளருடன் நீண்ட நேரம் பேசி, அவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று அறிந்துகொண்டு, வைத்திருக்க விரும்பினால் தெரிந்ததையும் அனுப்ப விரும்பினால் தெரியாததையும் கேட்பது. யாரும் எதையும் ஒப்படைக்கவில்லை, தாள் இல்லை, குறிப்பேடு இல்லை. ஆயினும் இந்த வழி ஒருமுறை பொய்த்தது. உளவியலாளர் ஜாய்ஸ் பிரதர்ஸ் குத்துச்சண்டையைத் தன் துறையாக எடுத்துக்கொண்டு வந்தார். அவர் நீடிப்பதை விரும்பாதவர்கள் கேள்விகளைக் கடினமாக்கியும், குத்துச்சண்டை பற்றிய நூல்களையெல்லாம் மனப்பாடம் செய்திருந்த அவர் முழுப் பரிசையும் வென்றார். உங்கள் நாவலில் நேர்மையாக வென்ற ஒருவர் கட்டாயம் வேண்டும். எல்லோரும் சந்தேகத்துக்கு உள்ளாகும்போது அந்த ஒருவரின் நிலை மிகவும் துயரமானது; தான் ஏமாற்றவில்லை என்பதை அவர் எந்த உறையைக் கொண்டும் நிரூபிக்க முடியாது.

காலப்பிழை வராமல் இருக்கச் சில குறிப்புகள். 1957இல் துப்பறிவாளர் நிகழ்ச்சியின் வீடியோ நாடாவைச் சுழற்றிப் பார்ப்பதாக எழுதாதீர்கள். வீடியோ நாடாவை ஒரு தேசிய ஒளிபரப்பு நிறுவனம் முதன்முதலில் பயன்படுத்தியது 1956 நவம்பர் 30 அன்று, சிபிஎஸ்ஸின் செய்தி அறிக்கைக்காக. ஸ்டெம்பல் தோற்றதற்கு ஐந்து நாள் முன்பு. அதன் பிறகும் நாடா விலை உயர்ந்ததாக இருந்ததால் அழித்து அழித்துப் பயன்படுத்தினார்கள். அன்றைய பதிவு என்பது கினெஸ்கோப், அதாவது தொலைக்காட்சித் திரையை நேரே படக்கருவியால் சுட்டு எடுத்த படச்சுருள். அதைப் பார்க்க வேண்டுமானால் படவீழ்த்தியும் இருட்டறையும் வேண்டும். சுருள் தயாரிப்பாளரிடமோ ஒளிபரப்பு நிறுவனத்திடமோ இருக்கும். தனியார் துப்பறிவாளர் கேட்டவுடன் தரமாட்டார்கள். சோதனையிடும் அதிகாரமோ, சாட்சிக்கு அழைப்பாணை அனுப்பும் அதிகாரமோ அவருக்கு இல்லை. உரிமம் அவருக்குத் தொழில் செய்யும் அனுமதியை மட்டுமே தருகிறது. இந்த வரம்புகளை மதித்தால்தான் அவர் ஒவ்வொரு கதவையும் பேச்சால் திறக்க வேண்டிவரும், கதையும் சூடாகும்.

இன்றைய காலத்தில் கதையை வைக்க நினைத்தால், 2001 செப்டம்பரில் இங்கிலாந்தில் ஒளிப்பதிவான ஒரு நிகழ்ச்சியிலிருந்து எழுந்த வழக்கைப் பாருங்கள். 2012இல் சூர்யா தொகுத்து வழங்கிய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' எந்த நிகழ்ச்சியின் வடிவமோ, அதன் ஆங்கில மூலத்தில் மேஜர் சார்லஸ் இங்ராம் பத்து லட்சம் பவுண்டு வென்றார். சரியான விடை சொல்லப்படும்போதெல்லாம் அரங்கில் இருந்த டெக்வென் விட்டாக் என்ற கல்லூரி விரிவுரையாளர் இருமினார் என்பது குற்றச்சாட்டு. நாடாவில் 192 இருமல்கள் பதிவாகியிருந்தன. அவற்றில் 19 முக்கியமானவை என்றது அரசுத் தரப்பு. விட்டாக் தனக்கு ஒவ்வாமை என்றார். 2003 ஏப்ரலில் இங்ராம், அவர் மனைவி, விட்டாக் மூவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது, சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. இங்கே பதிவு முழுமையாக இருக்கிறது, ஒவ்வொரு ஒலியும் இருக்கிறது, ஆனால் இருமல் என்பதற்குப் பொருள் என்ன என்ற வாதம் இன்றும் அடங்கவில்லை. ஒட்டிய உறையின் தெளிவு ஆயிரம் ஒலித்தடங்களுக்கு வருவதில்லை. அதனாலேயே நான் 1957ஐப் பரிந்துரைக்கிறேன்.

தனியார் துப்பறிவாளரை நல்லவராகவே படைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தொலைக்காட்சி உலகத்தோடு மிகவும் பிணைந்திருந்த உண்மையான தனியார் துப்பறிவாளர் ஒருவரை எடுத்துக்கொண்டால், லாஸ் ஏஞ்சலீசின் ஆந்தனி பெல்லிகானோவைத்தான் சொல்ல வேண்டும். 1990களில் எச்பிஓவில் வந்த 'லாரி சாண்டர்ஸ் ஷோ'வின் நாயகர் காரி ஷாண்ட்லிங், தன் மேலாளர் மீது 1998இல் பத்துக் கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்காகப் பெல்லிகானோ வேலை செய்தார். ஷாண்ட்லிங்கைப் பற்றிய விவரங்கள் காவல்துறையின் தரவுக்களஞ்சியத்திலிருந்து திருட்டுத்தனமாக எடுக்கப்பட்டன. காவல் அதிகாரி ஒருவருக்கும் தொலைபேசி நிறுவன ஊழியர் ஒருவருக்கும் பணம் கொடுத்து இவற்றையெல்லாம் அவர் நடத்திவந்தார். ஒட்டுக்கேட்பதற்குத் தனி மென்பொருளே உருவாக்கி வைத்திருந்தார். 2008இல் ஷாண்ட்லிங் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். பெல்லிகானோவுக்குப் பதினைந்து ஆண்டு சிறை. மேலாளர் மீது குற்றம் சாட்டப்படவில்லை. உங்கள் கதையில் எதிர்த்தரப்பு அமர்த்திய இப்படி ஒரு துப்பறிவாளரும் இருந்தால், இருவரும் ஒரே உறையைத் தேடுவார்கள்: ஒருவர் பிரிக்காமல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக, மற்றவர் பிரித்துவிட. பிரித்துவிட்டாலே போதும், எரிக்கக்கூடத் தேவையில்லை. முத்திரை உடைந்த உறைக்கு மதிப்பில்லை. கதையின் பதற்றம் அனைத்தையும் அந்த ஒட்டிய விளிம்பின் மேல் ஏற்றிவிடலாம்.

முடிவைப் பற்றி ஒரு வேண்டுகோள். உண்மையில் வான் டோரன் 1959 நவம்பர் 2 அன்று துணைக்குழு முன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். கடந்த மூன்று ஆண்டு வாழ்வை மாற்றியமைக்க என்னிடம் உள்ள ஏறத்தாழ எதையும் கொடுப்பேன் என்ற பொருளில் தன் அறிக்கையைத் தொடங்கினார். பல்கலைக்கழக வேலையும் தொலைக்காட்சி வேலையும் போயின. அவரை வில்லனாக்கிவிடாதீர்கள். அந்த வாக்குமூலத்தைப் படித்தபோதெல்லாம், சிறிது சிறிதாக ஒவ்வொரு படியாக இறக்கப்பட்ட ஒரு நல்ல ஆசிரியரைத்தான் நான் பார்த்தேன். 2019இல் தொண்ணூற்று மூன்றாம் வயதில் அவர் இறந்தார். மறு ஆண்டு அதே வயதில் ஸ்டெம்பல் இறந்தார்.

கடைசியாக, எங்கிருந்து தொடங்குவது என்பது. துப்பறிவாளர் முதல் நாளே தயாரிப்பாளரிடம் போய் விடைகள் கொடுத்தீர்களா என்று கேட்க வேண்டாம். அந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் பதில் தயாராக இருக்கும். அவர் முடிதிருத்தும் கடைக்குப் போகட்டும். வசதியான வீட்டு மாப்பிள்ளை ஒருவர், தொலைக்காட்சியில் தோன்றுவதற்கு முந்தைய வாரம் வந்து, இப்படி அசிங்கமாக வெட்டிவிடுங்கள் என்று கேட்டாரே, அப்படிக் கேட்டது அவராகவா, வேறு யாரேனும் சொல்லியா என்று விசாரிக்கட்டும். அங்கிருந்து, கூண்டின் குளிர்சாதனத்தை எந்த மணிக்கு யார் நிறுத்தச் சொன்னார் என்று தெரிந்த மின்பணியாளரிடம் போகட்டும். இவர்கள் இருவரிடமும் யாரும் எதையும் மறைக்கச் சொல்லி வைக்கவில்லை, ஏனென்றால் தலைமுடியும் வியர்வையும் சாட்சியாகும் என்று அந்தத் தயாரிப்பில் ஒருவருக்கும் தோன்றியிருக்காது.